அகத்தூய்மையும் புறத்தூய்மையும்

தூய்மை இருவகைப்படும். ஒன்று உடலின் தூய்மை. மற்றது உள்ளத்தின் தூய்மை. வாய்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இவ்விரண்டையும் பிரித்து, முன்னதற்கு நீரையும் பின்னதற்கு வாய்மையையும் கருவியாகக் கூறினார். கிறிஸ்தவ சமயமும் இவ்விரண்டையும் போற்றுகின்றது. ஆயின், இவற்றுக்கிடையேயுள்ள தொடர்பை அது தனக்கேயுரிய முறையில் விளக்குகின்றது. மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால் அவ்விளக்கத்தின் ஆழம் புலனாகும்.

யூதர்களின் பழைய சட்டத்தில் தீட்டு என்பது தொட்டால் ஒட்டுவது. தொழுநோயாளன் ஊருக்குப் புறம்பே வாழ வேண்டும். தான் தீட்டுடையவன் என்று தானே கூவி அறிவிக்கவும் வேண்டும் என்று லேவியராகமம் விதித்தது. அத்தகைய ஒருவனை இயேசுநாதர் கைநீட்டித் தொட்டார் என்று மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் கூறுகின்றது. தொட்டவரைத் தீட்டுப் பற்றவில்லை. தொடப்பட்டவனே தூய்மை பெற்றான். அதே நூலின் ஏழாம் அதிகாரத்தில், கை கழுவாமல் உண்ட சீடரைச் சிலர் குறை கூறுகின்றனர். மனிதனை மாசுபடுத்துவது வாய்வழி உட்செல்லும் உணவன்று. நெஞ்சிலிருந்து வெளிப்படும் களவும் பேராசையும் வஞ்சகமுமே என்பது இயேசுநாதர் அளித்த விடை.

தமிழ்த் திருச்சபை இப்போதனையை எளிதில் கைக்கொள்ளவில்லை. சபைகளில் தனித்தனி இருக்கைகளும், திருவிருந்தில் சாதி வரிசையும் நிலவின. 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் இவ்வேற்றுமைகள் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். பின்னர், 1850களில், தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரால் இலங்கை மலைநாட்டில் தொடங்கிய ஊழியமும் சாதி வழக்கங்களைத் தம்மோடு கொண்டுவந்த மக்களிடையேதான் நடைபெற்றது.

உள்ளத் தூய்மையே தலையாயது எனின், உடல் தூய்மை வேண்டாவோ? அப்படியன்று. உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்றார் பவுலடியார். ஆனால், அவ்வாலயத்தைத் துப்புரவாக வைத்திருக்க நீரும் இடமும் வேண்டும் அன்றோ? ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவான லய அறை ஒன்றில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு பீலி. இதுவே நீண்டகாலம் தோட்ட மக்களின் நிலை.

1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. இப்புழு மலத்தால் மாசடைந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகும். குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். மருந்து புழுவை வெளியேற்றியது. ஆயினும் மலசலகூடம் இல்லாத இடங்களில் நோய் மீண்டும் தொற்றியது. அவற்றைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். துப்புரவுக்கு வேண்டிய வசதிகளைக் கொடாமல், தொழிலாளரைத் துப்புரவற்றவர் என்று இகழ்வது எவ்வகையில் நீதியாகும்?

ஏசாயா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது. கைகளில் இரத்தக்கறையோடு செய்யும் தொழுகையைக் கடவுள் ஏற்பதில்லை. உங்களைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடுகின்றார். அவ்வாறு கழுவுதல் யாது? ஒடுக்கப்பட்டோருக்கு நீதி செய்தலும், அநாதைக்கும் விதவைக்கும் துணை நிற்றலுமே என்று அவ்வதிகாரமே தெளிவுறுத்துகின்றது. ஆகவே, அயலானின் உடல் தூய்மைக்கு வழிசெய்வது ஒருவனது உள்ளத் தூய்மையின் அளவுகோல் ஆகின்றது.

இக்கருத்தைக் கண்முன் நிறுத்துவது பெரிய வியாழன் சடங்கு. இயேசுநாதர் இறுதி இராவுணவின்போது வேலைக்காரனைப் போலத் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் பாதங்களைக் கழுவினார் என்பது யோவான் தரும் செய்தி. அதை நினைவுகூர்ந்து கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் மக்களின் பாதங்களைக் கழுவுகின்றார். இச்சடங்குக்கு ஆண்களையே தெரிவு செய்வது விதியாக இருந்தது. 2016ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களையும் சேர்த்துக்கொள்ள இடமளித்தார். கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பால் வாழும் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளுக்கு இம்மாற்றம் பெரிதும் பொருந்துவது. மலைச்சரிவில் அட்டைக்கடி பட்ட அப்பாதங்களின் முன் ஒருவர் மண்டியிடும்போது, கழுவப்படுவது பாதம் மட்டுமன்று. கழுவுகிறவரின் உள்ளமும் தூய்மை பெறுகின்றது.