பீரோவும் பிதாகரஸும்

எங்கள் தாத்தா வீட்டில் நெல் போடும் பத்தாயம் ஒன்று இருந்தது. அறை வாசலைவிடப் பெரியது. எப்படி உள்ளே போயிற்று? போகவில்லை, ஆசாரி அறைக்குள் வைத்தே பலகை பலகையாகப் பூட்டியிருந்தார். நாஞ்சில் நாட்டுப் பழைய வீடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரும்பு பீரோவுக்கு அந்த வசதி இல்லை. அங்கேதான் பத்தாம் வகுப்புக் கணக்கு தேவைப்படுகிறது.

பிதாகரஸ் தேற்றத்துக்குச் சுவரில் சாய்த்த ஏணியையே காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். நான் இப்போது பீரோவைச் சொல்கிறேன். உயரம் 78 அங்குலம், அகலம் 36, ஆழம் 19. வாசல் உயரம் 72 என்றால் படுக்கவைத்துத்தான் நுழைக்க வேண்டும். உள்ளே மரத்தட்டு 80 அங்குலத்தில் இருக்கிறது. "78 தானே சார், நிற்கும்" என்று வகுப்பே சொல்லும். நிற்கும், ஆனால் நிமிர்த்த முடியாது. நிமிரும்போது மூலைவிட்டம் செங்குத்தாக வரும் கணம் ஒன்று உண்டு. 78, 19 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 6445. வர்க்கமூலம் ஏறத்தாழ 80.3. கால் அங்குலத்தில் தட்டு இடிக்கும்.

"பக்கவாட்டில் நிமிர்த்தினால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன், கணக்கு வகுப்பில் வாய் திறக்காதவன், உடனே சொன்னான்: "இன்னும் மேல இடிக்கும் சார். எங்கப்பா குறுகின பக்கமாத்தான் நிமுத்துவாரு." கணக்கிட்டோம்: 85.9. தட்டில் இடித்த பீரோ சரிந்தால் கீழே பிடித்திருப்பவர் விரல் போகும் என்பதையும் அவனே சொன்னான். அவன் அப்பாவின் இடக்கை அதற்குச் சாட்சி. இப்போதெல்லாம் அளவுக் கணக்கில் சந்தேகம் வந்தால் மற்ற பிள்ளைகள் அவனிடம்தான் போகிறார்கள்.

திருப்பம் வேறு கதை. 36 அங்குல நடைகள் இரண்டு செங்கோணத்தில் சந்தித்தால், 19 அங்குலத் தடிமனுள்ள பொருள் கிடைமட்டமாகத் திரும்பக்கூடிய நீளம் 2(36√2 − 19), அதாவது 63.8 அங்குலம். 78 திரும்பாது, நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டும்.

1 மீட்டர் நடையில் திரும்பக்கூடிய மிகப் பெரிய பரப்பு எது என்று லியோ மோசர் 1966-இல் கேட்டார். 'சோபா கணக்கு' என்பார்கள். 1992-இல் ஜோசப் கெர்வர் 2.2195 சதுர மீட்டர் வடிவம் ஒன்றைத் தந்தார். அதைவிடப் பெரிது இல்லை என நிறுவும் 119 பக்கக் கட்டுரையைக் கொரியாவின் ஜினியோன் பேக் 2024-இல்தான் வெளியிட்டார். வகுப்பில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் அட்டை நடை செய்து கொடுங்கள். சதுரம் திரும்பும்; பரப்பு 100. 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டமும் திரும்பும், பரப்பு 157. அதற்கு மேல் வெட்டிப் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.