தாயின் மனச்சோர்வும் குழந்தையின் வளர்ச்சியும்

"குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்நேரமும் அழுகிறது" என்று கூறி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பல. சில வேளைகளில், குழந்தையைப் பரிசோதித்தால் நோய் எதுவும் தென்படுவதில்லை. அப்போது அருகில் பேசாமல் நிற்கும் தாயிடம், "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்க வேண்டியுள்ளது.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றால் என்ன?

பிரசவித்த முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வருவது இயல்பே. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அது தானே மறையும். அதன் பின்னும் துயரம், எதிலும் நாட்டமின்மை, குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை, "நான் நல்ல தாய் அல்ல" என்ற குற்றவுணர்வு ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இது சோம்பலோ பாசக் குறைவோ அன்று. சிகிச்சையால் குணமாகும் நோய்.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் நடைபெற்று 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்ற தாய்மார் 11 விழுக்காட்டினர். குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த நிலையில் பெண் பிறந்தமை, மாமியாருடன் பிணக்கு, உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை அதற்குக் காரணிகளாகக் காணப்பட்டன.

கடைசிக் காரணியைத் திருப்பூர் மக்கள் நன்கு அறிவர். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பனியன் நிறுவன வேலைக்கு வந்த குடும்பங்கள் இங்கு ஏராளம். தாய் வீட்டில் பிரசவித்த பெண், சில மாதங்களில் லைன் வீட்டுக்குத் திரும்புகிறார். கணவர் ஓவர்டைம் முடிந்து வரும்வரை, ஒற்றை அறையில் அவரும் குழந்தையும் மட்டுமே.

குழந்தையை இது எவ்வாறு பாதிக்கிறது?

ஆறு முதல் எட்டு வாரங்களில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது; பின்னர் "ங்கா" என்று குரல் கொடுக்கிறது. தாய் திரும்பச் சிரித்துப் பேசும்போது, பேச்சுக்கும் கவனத்துக்கும் உறவுக்கும் அடித்தளம் அமைகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970-களில் நடத்திய சோதனையில், தாய் சில நிமிடங்கள் முகத்தில் உணர்ச்சி எதையும் காட்டாதிருந்தார். குழந்தை சிரித்தும் குரல் கொடுத்தும் அவரை அழைக்க முயன்றது. பலன் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில நிமிட மௌனத்தால் தீங்கில்லை. மனச்சோர்வால் அது மாதக்கணக்கில் நீடிப்பதே கவலைக்குரியது.

பாலூட்டுதல் முன்னதாகவே நின்றுபோகலாம், தடுப்பூசிகள் தவறலாம். கோவாவில் நடைபெற்று 2003-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே ஆறாம் மாதத்தில் எடைக் குறைவும் மனவளர்ச்சிப் பின்னடைவும் கூடுதலாகக் காணப்பட்டன.

எனினும் இது விதியன்று. எல்லாக் குழந்தைகளும் பாதிக்கப்படுவதில்லை. தந்தையோ பாட்டியோ நாள்தோறும் குழந்தையுடன் பேசி விளையாடுவதும், தாய்க்கு விரைவில் சிகிச்சை அளிப்பதும் பாதிப்பைக் குறைக்கும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• இரவில் குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பைக் கணவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். தாய்க்குச் சில மணி நேரத் தொடர் உறக்கம் மிக அவசியம்.
• "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று ஒப்பிடாதீர்கள்.
• பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைக் குறை கூறாதீர்கள்.
• தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு முதல் இரு பிரசவங்களுக்கு ஊதியத்துடன் 26 வார மகப்பேறு விடுப்புக்குச் சட்டம் வழி செய்கிறது. முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள்.

சிகிச்சை எங்கு கிடைக்கும்?

கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கூறுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பப்படுவீர்கள். பலருக்கு ஆலோசனையே போதும். மாத்திரை தேவைப்பட்டால், பாலூட்டும்போதும் உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன. நீங்களாக மருந்தையோ பாலூட்டுவதையோ நிறுத்தாதீர்கள். டெலி மானஸ் இலவச எண் 14416-இல் எந்நேரமும் தமிழிலும் இந்தியிலும் பேசலாம்.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

தற்கொலை எண்ணம், குழந்தைக்குத் தீங்கிழைக்கும் எண்ணம், இல்லாத குரல்கள் கேட்டல், உறக்கமே இல்லாமல் குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால், தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

தாய்மார்களே, 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசிக்காகக் குழந்தையை அழைத்து வருகிறீர்கள். அந்நாளில் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவும் குழந்தைக்கான சிகிச்சையே.