மலைக்குக் கிளம்புகிறவர் கையில் இருக்க வேண்டிய தாள்

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். மலை எதுவும் தெரியாது. ஆனால் நம் கண்ணெதிரே கடலில் கலக்கிற கொசஸ்தலையாறு, பூண்டிப் பக்கம் அல்லிக்குழி மலையை ஒட்டிய ஊர்களின் வழியாகத்தான் வருகிறது. அந்த மலைக்காட்டுக்குள் குடியம் குகைகள் இருக்கின்றன. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அங்கே தோண்டி எடுத்தவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. பீச் ஸ்டேஷனில் விடியற்காலை மின்ரயிலைப் பிடித்துத் திருவள்ளூரில் இறங்கினால், குகைகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இப்போது ட்ரெக்கிங் போகும் இளைஞர்கள் அதிகம். வாரமெல்லாம் கன்டெய்னர் லாரிப் புழுதியிலும் ஷிப்டிலும் கழிக்கிறவர்களுக்கு ஒருநாள் மலைக்காற்று வேண்டும் என்ற ஆசை மிக நியாயமானது. 1932 ஏப்ரல் 24-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் இதே ஆசைக்காகத்தான், நிலப்பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலைமேடுகளிலும் திறந்த வெளிகளிலும் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் அங்கே வர 2000-ம் ஆண்டு ஆயிற்று.

நம் ஊரில் அப்படி ஓர் உரிமை இல்லை. நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இதை வெறும் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் குரங்கணியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குழுவும் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் நாள்கணக்கில் போராடி இறந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு அனுமதி வாங்கவில்லை என்று வனத்துறை சொன்னது. காய்ந்த போதைப்புல், பலத்த காற்று, செங்குத்தான சரிவு. தீ சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும். அதனால் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடக் கூடாது, புல்லுக்குள்ளும் ஒளியக் கூடாது. வெறும் பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம், இவற்றில் எது பக்கமோ அங்கே போக வேண்டும். உடம்பில் பருத்தித் துணி இருப்பது நல்லது. நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. தீப்பருவமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் கிடையாது. அந்த நாள்களில் “ட்ரெக்கிங் கூட்டிப் போகிறோம், பர்மிஷன் எல்லாம் இருக்கு” என்று யாராவது வாட்ஸ்அப்பில் அழைத்தால் பணத்தைப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. குடியமும் அதில் உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார்.

தனியார் குழுவோடுதான் போகிறீர்கள் என்றால் ஜிபே செய்வதற்கு முன்பே வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். தேதி, பாதையின் பெயர், ஆள் எண்ணிக்கை மூன்றும் அதில் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். “கேட்டில் வாங்கிக்கலாம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். நுழைவுச்சீட்டும் மலையேற்ற அனுமதியும் வேறு வேறு.

“எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு” என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பலரும் அதோடு எல்லாம் முடிந்தது என்று பயந்துவிடுகிறார்கள். முடியவில்லை. காசு கொடுத்து ஒரு சேவையை வாங்கிய எவரும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். நடத்தியவரின் அலட்சியத்தால் கேடு வந்தால், அந்தக் கையெழுத்து ஒன்றாலேயே வழக்குப் போடும் உரிமை போய்விடாது. பயணம் ரத்தாகிப் பணம் திரும்பாவிட்டாலும், அனுமதி இருப்பதாக அவர்கள் சொன்ன பொய்யால் நீங்கள் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டாலும் வழி இதேதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குழுவின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரம், உரையாடல், பணம் போட்ட ரசீது எதையும் போனிலிருந்து அழிக்காதீர்கள். ஆளே போலி என்று தெரிந்தால் அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

இன்னொன்று, நம் பகுதித் தொழிலாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது. இஎஸ்ஐ அட்டை இருப்பவர் மலையில் விழுந்து கால் உடைந்தால் இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. ஆனால் வேலையில் அடிபட்டவருக்குத் தரும் ஊன உதவித்தொகை இதற்குக் கிடைக்காது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். பாம்புக்கடியும் அதில் விபத்தாகவே சேரும், மாரடைப்பு சேராது. வெள்ளியங்கிரி ஏறும்போது சிலர் மாரடைப்பால் இறந்ததை நாம் செய்தியில் படித்தோம். இதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செங்குத்து மலைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

குடியத்தில் எதற்கு அஞ்ச வேண்டும் என்றால், வெயிலுக்கும் தேனீக்கும். குகைப் பாறையில் தேன்கூடுகள் தொங்கும். அங்கே புகை, கூச்சல், வாசனைத் தைலம் எதுவும் ஆகாது. தண்ணீரைப் பாதி குடித்து முடித்ததும் திரும்பிவிட வேண்டும், குகை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதோ கீறுவதோ கூடாது. ஆளை நடக்க விடாமல் தூக்கி வந்து 108-ல் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கிளம்பும் முன் அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். அதன் பின்பக்கம் வழிகாட்டியின் எண்ணையும் திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் உங்களோடு பேச முடியவில்லை என்றால், வீட்டில் இருப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு 112-க்கு அழைக்கட்டும்.