லாரித் தடம் – 9: கேட்டுக்கு வெளியே ஓடும் கடிகாரம்

1937 நவம்பர் கடைசி. வட கரோலினாவிலிருந்து பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் துறைமுகத்துக்கு வந்த மால்கம் மெக்லீன் என்ற இளம் லாரிக்காரர், சரக்கை இறக்கும் முறை வருவதற்காகப் பகலில் பெரும்பகுதி காத்துக் கிடந்தார். முன்னால் நின்ற லாரிகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொரு பொதியாக இறக்க, அவை கயிறு கட்டிக் கப்பலுக்குத் தூக்கப்பட்டன. லாரியின் பெட்டியையே மொத்தமாகத் தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்ற யோசனை அன்றைக்குத்தான் வந்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். ஆய்வாளர்களுக்கு அதில் சந்தேகம் உண்டு. பெரிய முதலாளிகளின் இளமைக் கதைகள் இப்படித்தான் வசதியாக அமைந்துவிடும். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. உதிரியாக ஏற்றினால் டன்னுக்கு 5.83 டாலர் ஆன செலவு, பெட்டியில் 16 சென்ட்டுக்கும் கீழே வந்தது.

கப்பல் வேகமாகக் கிளம்பியது. லாரியோ இன்றும் கிடங்கு வாசலில் நிற்கிறது.

அமெரிக்காவில் முதல் இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குக் காசு கேட்பதில்லை என்பது தொழிலின் வழக்கம். அதற்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்) கேட்கலாம். கேட்டதெல்லாம் கைக்கு வராது. அங்கே பெரும்பாலான நெடுந்தூர டிரைவர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் வண்டி ஓட்ட முடியும், அதிலும் 11 மணி நேரம் மட்டுமே என்கிறது சட்டம். கிடங்கில் நின்ற நேரமும் பொதுவாக அந்த 14-இல் சேர்ந்து கழியும். வெளியே வந்த டிரைவருக்கு விட்டதைப் பிடிக்கத் தோன்றாதா? 2018 ஜனவரியில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிடங்கில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும் என்றது அதன் மதிப்பீடு. முழு லோடு ஓட்டும் டிரைவர்கள் இந்தத் தாமதத்தால் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழப்பதாகவும் அது கணக்கிட்டது.

கிடங்குக்காரர்கள் உடனே சொல்லும் பரிகாரம், “இன்னும் இரண்டு டாக் (சரக்கு இறக்கும் மேடை) கட்டுவோம்.” ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு டாக், ஒரு லாரியை இறக்க ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு இருபது லாரி. இருபதும் காலை எட்டு மணிக்கே வந்து நின்றால், கடைசி நான்கு லாரிகளுக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் முறை வரும். சராசரிக் காத்திருப்பு இரண்டு மணி நேரம். அதே இருபதையும் கால் மணிக்கு ஒன்றாக வரச் சொன்னால் எந்த லாரியும் நிற்க வேண்டாம். சிமென்ட், செங்கல் எதுவும் தேவையில்லை. நடைமுறையில் ஒரு லாரி பிந்தும், இன்னொன்றின் பில் பொருந்தாது, லோடுமேன்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனாலும் நேரம் பிரித்துக் கொடுப்பதில் பாதிக் கூட்டம் கரைந்துவிடும்.

இதையும் அரைகுறையாகச் செய்தால் புதுக் கூத்து. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005 ஜூலையில் ‘பியர்பாஸ்’ என்ற ஏற்பாடு வந்தது. பகலில் பெட்டி எடுத்தால் கட்டணம், இரவில் இலவசம். சரக்கு இரவுக்கு நகர்ந்தது உண்மை. கூடவே, இலவச நேரம் தொடங்கும் மாலை ஆறு மணிக்காக லாரிகள் முன்கூட்டியே வந்து கேட்டில் வரிசை கட்டின! 2018 நவம்பரில் அதை மாற்றி, இரவு பகல் இரண்டுக்கும் ஒரே கட்டணம், நேரம் முன்பதிவு செய்துதான் வர வேண்டும் என்றார்கள்.

இந்தியாவில் சாலையில் கழியும் நேரம் குறைந்திருக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. மிச்சமான மணிகளைக் கிடங்கு வாசல் விழுங்கக் கூடாதல்லவா? இங்கே பல லோடுகள் இன்றும் தார்ப்பாயை அவிழ்த்து, அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகத் தோளில்தான் இறங்குகின்றன.

ரயில் வேகனில் வரும் சரக்குக்கு மட்டும் எப்படி ஆள் உடனே கிடைக்கிறது? ரயில்வே ஒதுக்கும் இலவச நேரம் தாண்டினால் வேகனுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் விழும். கப்பல் வாடகையிலோ, சீக்கிரம் இறக்கி முடித்தவருக்கு வெகுமானமே தரும் ஒப்பந்தங்கள் உண்டு. லாரி நிற்கும் நேரம் கிடங்குக்குச் சும்மா கிடைக்கிறது. அதனால்தான் அது நிற்கிறது.

பல கிடங்குகளில் லாரி உள்ளே நுழைந்த நேரத்தைத்தான் பதிவேட்டில் எழுதுகிறார்கள். சாலையோரம் நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் வராது. கிடங்கு வைத்திருப்பவர்கள் முதலில் இதை மாற்றட்டும்: லாரி வந்து சேர்ந்த நேரத்தைச் சீட்டில் எழுதி டிரைவர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள்; ஹால்டிங் கணக்கு அந்த நிமிடத்திலிருந்தே ஓடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

(தொடரும்)