கரையைக் கடல் தின்கிறது. செலவு யாருக்குப் போகிறது?

கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) தர்கா இருப்பதால் அந்தக் கடற்கரை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 2021-இல் அதற்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமான மணல், நிழற்குடைகள், நடைபாதை, கழிப்பறை எல்லாம் உண்டு. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், அங்கிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலி, சூளேரிக்காட்டுக்குப்பம் பக்கம் இறங்கிக் கேளுங்கள். படகை ஏற்றி நிறுத்தவும் வலையை விரித்துக் காயவைக்கவும் இடம் குறைந்துவிட்டது என்பார்கள் மீனவர்கள். இரண்டுமே கடற்கரைதான், இரண்டுக்கும் வருவது மக்களின் வரிப்பணம்தான். அந்தப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், கரை ஏன் போகிறது? 'கடல் சீற்றம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஓர் ஆறு போல நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும், மற்ற மாதங்களில் வடக்கு நோக்கியும் அது நகரும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம். குறுக்கே ஒரு சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது நடந்தது இதுதான். மெரினா இவ்வளவு அகலமானதும், ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் ஒரே சுவரின் இரண்டு விளைவுகள்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டித் தடுப்பு அமைத்தார்கள். பல்லவர் காலத்துக் கட்டடம், 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சின்னம். அதைக் காக்கச் செலவு செய்ததில் குறை காண முடியாது. ஆனால் கோயிலுக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பத்தில் அலை வீட்டு வாசலை நெருங்கும்போது, அவர்களுக்கும் ஒரு தடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. அரசு 'தூண்டில் வளைவு' அமைத்துத் தருகிறது. அந்த வளைவு மணலைப் பிடித்து வைக்க, அதற்கு வடக்கே இருக்கும் அடுத்த ஊர் அரிக்கிறது. பிறகு அந்த ஊரும் கேட்கிறது. மதரஸாவில் ஃபிக்ஹு விதிகள் ஓதியவர்களுக்கு, ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்ற விதி இங்கே நினைவுக்கு வரும். கல் ஏற்றி வரும் லாரிகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது.

வேறு வழி இல்லையா? இதே மாவட்டத்தில், செய்யூர் அருகே கடலூர் பெரியகுப்பத்தில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வேறொன்றைச் செய்து பார்த்தது. மணல் நிரப்பிய பெரிய துணிக் குழாய்களைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலுக்கு அடியில் கிடத்தினார்கள். அலை அதன் மேல் உடைந்து வேகம் குறைந்து வருவதால் மணல் தங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. புதுச்சேரியிலும் அப்படித்தான். 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டிய பிறகு நகரக் கடற்கரை கல் குவியலாகிவிட்டிருந்தது. நீருக்குள் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை வைத்த பின், முப்பது ஆண்டுகளாகப் பார்க்காத மணலை மக்கள் பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அரிப்பு வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டத்து பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. மாநில எல்லை கடலுக்குத் தெரியாதே!

இனி பணத்துக்கு வருவோம். புயலில் வீடு விழுந்தால் நிவாரணம் உண்டு. அதே வீடு ஐந்து வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போனால்? மத்திய அரசின் பேரிடர் பட்டியலில் வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, குளிர் அலை எல்லாம் உண்டு, கடலரிப்பு இல்லை. குப்பத்துக் குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றதற்கு இது பெரிய காரணம். 15-ஆவது நிதிக் குழுதான் 2021-26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் தனியே ஒதுக்கப் பரிந்துரைத்தது. ஆற்றரிப்பு, கடலரிப்பு இரண்டுக்கும், நாடு முழுமைக்கும் சேர்த்து இவ்வளவுதான். பிரம்மபுத்திரா கரை மக்களும் இதில்தான் பங்கு கேட்பார்கள்.

தமிழக அரசு 2023-24 பட்ஜெட்டில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவித்தது: ஐந்து ஆண்டுகள், 2,000 கோடி ரூபாய், உலக வங்கி உதவியுடன். உதவி என்ற சொல்லைக் கண்டு ஏமாற வேண்டாம், அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். (அதில் உள்ள வட்டி பற்றிய பேச்சை இங்கே இழுக்கவில்லை.) நாம் பிள்ளைகளின் பெயரில் வாங்கும் கடன் என்பதால், அது சுற்றுலாப் பயணிக்கான நிழற்குடையில் எவ்வளவு, குப்பத்தின் மணலில் எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

"மீனவர் பிரச்சினைதானே, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் ஆலை, நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறது. அதற்காகக் கரையில் செய்த கட்டுமானத்தால்தான் அரிப்பு கூடியது என்பது அங்குள்ள மீனவர்களின் நீண்ட நாள் புகார். அங்கே வசிக்கும் நம் குடும்பங்கள் ஒளூ செய்வதும் அந்தத் தண்ணீரில்தான்.

கோவளம் போன்ற ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மீனவப் பஞ்சாயத்தாரோடு நம் ஜமாஅத்தாரும் போய் உட்கார்ந்து மூன்று கேள்விகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். இங்கே வரும் தடுப்பு எந்த வகை? அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு என்ன ஆகும் என்று ஆய்வு செய்தார்களா? கட்டி முடித்த பின் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, எந்தக் கணக்கிலிருந்து? பதில் வரவில்லையென்றால், அதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்பலாம். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம்.