சிறுநீரகத்துக்குச் சுமை ஏற்றும் பெருங்குடல்

படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்குச் சிறுநீர் பிரிய டியூப் போட்டிருப்பார்கள். அபூர்வமாகச் சிலருக்கு அந்த டியூபில் மாட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பை திடீரென்று கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். வீட்டார் பதறிப்போவார்கள். விசாரித்தால், பெரும்பாலும் அவருக்குப் பல நாளாக மலச்சிக்கல் இருக்கும். சிறுநீரில் கிருமித் தொற்றும் இருக்கும். பையில் படிந்திருப்பது இண்டிகோ. அவுரிச் செடியிலிருந்து எடுக்கிறார்களே, அதே நீலச் சாயம்தான்! இண்டிருபின் என்ற சிவப்பும் அதோடு கலப்பதால் ஊதாவாகத் தெரிகிறது. இந்தச் சாயத்தின் மூலப்பொருள் உருவாகும் இடம் பெருங்குடல்.

புரதத்தில் மிஞ்சியது

பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாவற்றிலும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் பங்கைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்றுகின்றன. அது ரத்தம் வழியே கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்ஃபேட் ஆகிறது. பையில் படிந்த சாயத்துக்கு மூலம் இதுதான். டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து பி-கிரெசில் சல்ஃபேட் வருகிறது. நல்ல சிறுநீரகம் இரண்டையும் அன்றாடம் வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. இவை ரத்தத்தில் தேங்கினால் ரத்தக்குழாயின் உட்சுவரும், மிச்சமிருக்கும் சிறுநீரகத் திசுவும் கெடுவதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

இவை குடலில்தான் பிறக்கின்றனவா என்ற சந்தேகத்தை 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிமோத்தி மேயர் குழு தீர்த்து வைத்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில், அறுவை சிகிச்சையில் பெருங்குடலை அகற்றியவர்களையும் பெருங்குடல் உள்ளவர்களையும் ஒப்பிட்டார்கள். பெருங்குடலை இழந்தவர்களின் ரத்தத்தில் இந்த இரண்டும் அனேகமாக இல்லவே இல்லை.

டயாலிசிஸுக்குப் பிடிபடாதவை

டயாலிசிஸ் முடிந்ததும் யூரியா எவ்வளவு இறங்கியது என்றுதான் எல்லோரும் ரிப்போர்ட்டில் தேடுவார்கள். யூரியா சின்ன மூலக்கூறு, எளிதில் வடிந்துவிடும். குடலில் பிறந்த இந்த நஞ்சுகளோ 90 சதவீதத்துக்கு மேல் ரத்தத்திலுள்ள ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு திரிகின்றன. வடிகட்டி ஆல்புமினை வெளியே விடாது. அதனால் இவையும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இவற்றை அளப்பதும் இல்லை.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. ரத்தத்தில் ஏறிய யூரியா குடலுக்குள் கசிகிறது. யூரியேஸ் என்சைம் உள்ள பாக்டீரியாக்கள் அதை அமோனியாவாக்குகின்றன. குடல்சுவர்ச் செல்களை நெருக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் அதில் தளர்ந்து, பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்துக்குள் நுழைந்து அழற்சியைக் கிளப்புகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் நோஸ்ரத்தோலா வசிரி குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. முற்றிய சிறுநீரக நோயாளிகளின் குடலில் யூரியேஸ் உள்ள பாக்டீரியாக்களும், இண்டோலையும் பி-கிரெசில் சல்ஃபேட்டுக்கு மூலமான கிரெசாலையும் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெருகி, குடல்சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டைத் தருபவை குறைந்திருந்தன.

மலச்சிக்கலும் பொட்டாசியமும்

நம் வீடுகளில் சிறுநீரகப் பத்தியம் தடம் புரள்வது இங்கேதான் என்பேன். பொட்டாசியத்துக்குப் பயந்து காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறார்கள். தண்ணீருக்கும் கட்டுப்பாடு. இரும்புச்சத்து மாத்திரையும் பாஸ்பேட்டைக் குறைக்கத் தரும் சில மாத்திரைகளும் வேறு குடலை இறுக்கிவிடும். மலம் தங்கத் தங்க, நார்ச்சத்து தீர்ந்துபோன பாக்டீரியாக்கள் புரதத்தின் மேல் கை வைக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு மலம் வழியாகத்தான் போகிறது. காயை நிறுத்தி மலச்சிக்கலை வரவழைத்துக்கொண்டால் அந்த வழியும் அடைபடும்.

அமெரிக்காவில் சுமார் 35 லட்சம் முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வருவது கூடுதல் என்று கண்டது. மலச்சிக்கல்தான் காரணம் என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயமாக இதை வைத்திருக்க வேண்டியதில்லை.

கடையில் கேட்டு வாங்கும் பேதி உப்பும், மெக்னீசியம் கலந்த மலமிளக்கிகளும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. சிறுநீரகம் வெளியேற்றாத மெக்னீசியம் ரத்தத்தில் ஏறி, தசை தளர்ச்சி முதல் இதயத் துடிப்புக் கோளாறு வரை கொண்டுபோகும். எந்த மலமிளக்கி பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தட்டில் என்ன இருக்கலாம்

புடலை, பீர்க்கை, சுரை, கோவைக்காய், முட்டைக்கோஸ் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும். நார் பெரும்பாலும் காயிலேயே இருக்கும். வடித்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றினால் செய்த வேலை வீண். பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி அளவாக. பொட்டாசியம் ஏறியவர்கள் இளநீர் பக்கம் போக வேண்டாம். பழைய சோறு குடலுக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்கள். சோற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை. தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாட்டு உப்புதான் வம்பு. புரதத்தை மட்டும் யாரும் தன்னிஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. டயாலிசிஸுக்கு முன் அளவோடு என்பார்கள், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள்.

டப்பாவில் வரும் பாக்டீரியா

புரோபயாடிக் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நல்ல பாக்டீரியாவையும் அதற்கான நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பி-கிரெசில் சல்ஃபேட் குறைந்தது. இண்டாக்சில் சல்ஃபேட் குறிப்பிடும்படி இறங்கவில்லை. இண்டோலைக் குடலிலேயே உறிஞ்சும் ஒருவகைக் கரி மருந்து ஜப்பானில் 1991 முதல் புழக்கத்தில் உண்டு. பல நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில் அதுவும் நோயின் வேகத்தைத் தெளிவாகக் குறைக்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.