மாட்டாஸ்பத்திரி வாசல் – 14: தட்டை மோந்து பார்த்துவிட்டுப் போகிறவன்

“மூணு நாளா பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டர்” என்றார் அந்த அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய லேப்ரடார் சங்கிலியோடு அவரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, வாலால் ஓர் அடி அடித்து என் மேஜையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலைக் கீழே தள்ளிவிட்டது. மூன்று நாள் பட்டினி கிடந்த நாயின் வாலுக்கு அவ்வளவு பலம் இருக்காது.

எடை பார்த்தேன். 41 கிலோ.

“வேற எதுவுமே சாப்பிடலையாம்மா?”

“எதுவுமே இல்ல. சோறு வச்சா மோந்து பாத்துட்டுப் போயிடுறான். காலைல அவர் டீ குடிக்கிறப்ப நாலு பிஸ்கட், அவ்வளவுதான்.”

கூட வந்த பேரன் விடவில்லை. “முட்டை சாப்பிட்டான்ல பாட்டி?”

“அது அரை முட்டைடா.”

இன்னும் கொஞ்சம் கிளறியதில், ‘மனசு கேக்காம’ ராத்திரி வதக்கிப் போட்ட சிக்கன், பால்கோவாவின் மிச்சம், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வந்த ஒரு சப்பாத்தி என்று பட்டியல் நீண்டது. அந்த நாய் பட்டினி கிடக்கவில்லை. சோற்றை மட்டும்தான் நிறுத்தியிருந்தது.

போன வாரம் தடுப்பூசி பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி பற்றியே இல்லை. ‘என் நாய் சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்பதுதான் புகார். ஒரே வாக்கியம்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு வேறு வேறு அர்த்தம். நாய்க்குச் சாப்பாடே வேண்டாமா, இந்தச் சாப்பாடு வேண்டாமா, சாப்பிட ஆசை இருந்தும் முடியவில்லையா? முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டானிக் கேட்டு வருகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

லேப்ரடார் விஷயம் எளிது. பாவ்லோவ் என்றால் மணியோசைக்கு எச்சில் ஊறும் நாய்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். இந்த வீட்டில் கதை தலைகீழ். நாய் பாட்டியைப் பழக்கிவிட்டது. தட்டை விட்டு இரண்டடி நகர்ந்தால் போதும், அடுப்பு எரியும், சிக்கன் வரும்.

இதற்கு மருந்து சீட்டில் எழுதுவது இல்லை. தட்டை வையுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். சாப்பிடவில்லையா, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். கெஞ்சக் கூடாது, ஊட்டக் கூடாது, திட்டவும் கூடாது. திட்டுவதும் அதற்கு ஒரு கவனிப்புதான். நன்றாக இருக்கிற வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. குட்டிக்கும், பொமரேனியன் மாதிரிச் சிறு சாதிக்கும், சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் இந்த வைராக்கியம் ஆகாது. சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள், நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் ருசி பார்க்கும். பிஸ்கட், எலும்புத் துண்டு, கொஞ்சல் எல்லாம் சேர்த்து ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். “சோறு சாப்பிட்டுட்டான் டாக்டர். அவர்தான் பிஸ்கட்ட நிறுத்த மாட்டேங்கிறார்.” தாத்தாவுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

குண்டு நாய் அழகு என்று நமக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வழி உண்டு. உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மாதிரி மெத்தென்றிருந்தால் தீனி அதிகம். மடக்கிய முட்டி மாதிரித் துருத்தினால் குறைவு. சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் மட்டும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடுவதற்கென்றே இழைத்த உடம்பு அவற்றுக்கு. நன்றாக இருக்கும்போதே கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்குத் தெரியும். ‘எலும்பும் தோலுமா வச்சிருக்கீங்களே’ என்று விருந்தாளி சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சோறு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்க்கு அது நாலிலிருந்து முப்பது வரை பெருகியிருக்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். மனிதனின் வாசலில் காத்துக் கிடந்ததற்குக் கிடைத்த கூலி. ஆனால் வெறும் தயிர்சோறு வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது. முட்டை, கோழி, கொஞ்சம் காய்கறி சேர வேண்டும். இன்னொரு கோடியில் ‘அசல் வேட்டை நாய்’ என்று குட்டிக்குத் தனிக்கறி மட்டும் போடுகிறவர்கள். கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நாலு மாதத்தில் முன்னங்கால் வில்லாக வளைந்து நிற்கிற ராஜபாளையம் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன், கறிக்கடைக்காரர் வீட்டிலேயே.

நம் சமையலறையில் நாய்க்கு ஆகாத முதல் பொருள் வெங்காயம். பூண்டும் அதே இனம். சாம்பாரில் வெந்த சின்ன வெங்காயம்தானே என்று நினைக்காதீர்கள். வெந்தாலும் காய்ந்தாலும் அது சிவப்பணுக்களை உடைக்கும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். பிரியாணி மிச்சத்தில் வெங்காயமும் இருக்கிறது, வெந்த எலும்பும் இருக்கிறது. அது ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் சர்க்கரையில்லாச் சூயிங்கமும் கிட்டவே போகக் கூடாது. இதையெல்லாம்விட எனக்குப் பயம் வேறொன்று. காய்ச்சல் அடிக்கிறதென்று நமக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைச் சோற்றில் பொதிந்து கொடுப்பது. நாய்க்கு அது விஷமாகிவிடும்.

இதுவரை சொன்னது செல்லம் கொண்டாடும் நாய்க்கு. இனிச் சொல்வது நிஜமாகவே சாப்பாடு இறங்காத நாய்க்கு.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ஷேர் ஆட்டோவில் சிப்பிப்பாறை ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சித்திரை மாதம். “வெயிலுக்குச் சோம்பிக் கெடக்குன்னு நெனச்சேன் சார். கறி காட்டினாலும் தலையத் திருப்பிக்குது.” வெயில் காலத்தில் நாய் தீனியைக் குறைத்துக்கொள்ளும், உண்மைதான். விடிகாலையிலும் இரவு எட்டு மணிக்கு மேலும் வைத்தால் பெரும்பாலும் சாப்பிட்டுவிடும். ஆனால் கறிக்கே முகம் திருப்பினால் அது வெயில் இல்லை.

மேலுதட்டைத் தூக்கினேன். ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அது வெளுத்த மண்சுவர் மாதிரி இருந்தது. கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பி வர வேண்டும். மெல்ல, மனமில்லாமல் வந்தது. (ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறம் பாருங்கள்.) காய்ச்சல் 104.6. நமக்கு 98.6 என்பதுபோல நாய்க்கு 101-லிருந்து 102.5 வரை இயல்பு, அதனால் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்பதில் அர்த்தமில்லை. காது மடலைப் பிரித்தேன். உள்மடிப்பில் உண்ணிகள் ஆமணக்கு விதை மாதிரி ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன. ஆமணக்குச் செடியின் லத்தீன் பெயர் ரிசினஸ். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே உண்ணிதான். பெயர் வைத்தவனும் நாய் வளர்த்திருப்பானோ என்னவோ.

“உண்ணியெல்லாம் போன வாரமே புடுங்கிட்டேனே சார். இது புதுசு போல.”

அங்கேதான் தப்பு நடக்கிறது. உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். எர்லிச்சியா என்ற கிருமி ரத்தத்துக்குள் போய் வெள்ளையணுக்களில் குடியேறி, தட்டணுக்களைக் குறைத்துவிடும். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் பிறகு வருவது. முதலில் போவது பசி. சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது உண்ணி கொண்டுவரும் இன்னொரு கிருமியின் வேலையாக இருக்கும். ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் நாய் தட்டை நக்கும். மாத்திரையோ நாலு வாரம் சாப்பிட வேண்டியது. ‘நல்லாயிடுச்சே’ என்று ஐந்தாம் நாள் நிறுத்துகிறவர்கள், சில மாதம் கழித்து அதே நாயை இன்னும் மோசமாகத் தூக்கி வருகிறார்கள்.

உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட வீட்டில்தான் அதிகம் இருக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி உதிர்ந்து, சுவர் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து வைத்துவிட்டுப் படுக்கிற இடத்து விரிசலைப் பூசாமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்தது. மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கண்ணளவில் கலந்து பூசி, வலிப்போடு வந்த நாய்களும் உண்டு.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவம் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் சாப்பாட்டை ஒதுக்கித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடைசியாக, ஆசையிருந்தும் விழுங்க முடியாத நாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தேன். விவசாயி ஒருவர் தன் காவல் நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிவந்தார். தாடை தொங்கிப்போய் வாய் மூடவில்லை. நூல் நூலாக எச்சில். தண்ணீரில் மூக்கை வைத்தது, குடிக்க வரவில்லை. குரைத்தபோது குரல் அதன் குரலாக இல்லை.

“தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு சார். காலைல கைய விட்டுத் தேடினேன், சிக்கல.”

எலும்பு மாட்டிய நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், துடிக்கும். இது எதுவும் செய்யாமல் நின்றது. நான் நாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வலது கையைக் காட்டச் சொன்னேன். விரல் முட்டியில் இரண்டு சிராய்ப்பு, பல் பட்டது. குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வைத்தேன். “இதுக்குப் போயி ஏன் சார் இம்புட்டு?” என்றார். வீட்டில் வேறு யார் யார் நாயைத் தொட்டார்கள் என்று கேட்டேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், சோறு ஊட்டிய அவருடைய அம்மா.

மதிய பஸ்ஸில் ஐந்து பேரும் பெரியாஸ்பத்திரிக்கு ஊசி போடப் போனார்கள். நாய் மூன்றாம் நாள் செத்தது.

(தொடரும்)